பைதான் மெதுவாக ஓடுகிறதா? மொழியை மாற்றும் முன் செய்யக்கூடாத தவறுகள்

டர்பனில் இருந்தும் சென்னையில் இருந்தும் கேப் டவுனுக்கு ரேடியோ வானியல் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அக்கா, பைதான் ரொம்ப மெதுவா ஓடுது, சி பிளஸ் பிளஸ் படிக்கட்டுமா, ரஸ்ட் படிக்கட்டுமா?" தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியில் 64 கிண்ணங்கள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 2016 ஜோடிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஆயிரக்கணக்கான அலைவரிசைகள். இதைப் பைதான் லூப்பில் சுற்றவிட்டால் மெதுவாகத்தான் ஓடும், அது உண்மை.

ஆனால் அளக்காமலே மொழியைத் தேடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஒரு தம்பி ஆறு வாரம் உட்கார்ந்து தன் லூப்பை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினான். எட்டு நிமிடம் ஓடியது ஆறு நிமிடத்துக்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் பைதான் கருவியான சிபுரொஃபைலில் (cProfile) பழைய கோடை ஓட்டிப் பார்த்தோம். லூப் எடுத்துக்கொண்டது முதலிலேயே இரண்டு நிமிடம்தான், மீதியெல்லாம் கோப்பை வட்டிலிருந்து படிக்கும் நேரம். எந்த மொழியும் அதைக் குறைக்காது.

பைதானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) மொத்த அரேயாக, அதாவது எண்களின் அட்டவணையாகச் செய்யும் கணக்கு உள்ளே சி-யில்தான் ஓடுகிறது, அதைத் திரும்ப எழுதுவது வீண் வேலை. லூப்பைத் தவிர்க்கவே முடியாவிட்டால் முதலில் பைதான் லூப்பை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் நம்பாவை (Numba) வைத்துப் பாருங்கள், பல நேரம் ஒரு வரி சேர்த்தாலே போதும்.

ஃபோர்ட்ரான் 1957-இல் வந்தது, பழசு என்று ஒதுக்காதீர்கள், அணிக் கணக்குகளுக்கான லாபேக் (LAPACK) நூலகம் இன்றும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணையை நினைவகத்தில் நம்பை வழக்கமாக நிரை நிரையாக (கிடைவரிசையாக) அடுக்கும், ஃபோர்ட்ரானும் ஜூலியா என்ற மொழியும் நிரல் நிரலாக (செங்குத்து வரிசையாக) அடுக்கும். லூப்பை அப்படியே பெயர்த்து எழுதினால் நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் தாவித் தாவிப் போகும், விடை சரியாக வரும், வேகம் வராது. அந்த மொழிகளில் உள் லூப்பில் முதல் குறியீட்டை ஓடவிடுங்கள்.

அப்புறம், ரஸ்ட்டை ரிலீஸ் முறையில் (வேகத்துக்கான அமைப்பில்) கம்பைல் செய்யாமலும், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றாமலும், ஜூலியாவின் முதல் ஓட்டத்தில் கம்பைல் நேரத்தையும் சேர்த்தும் அளந்துவிட்டு "இது மெதுவு" என்று முடிவு கட்டாதீர்கள். ஜிசிசி (GCC) கம்பைலரில் கணக்கை வேகப்படுத்தும் ஃபாஸ்ட்-மேத் தேர்வைப் போடும்போது கவனம்: NaN, அதாவது 'எண் அல்ல' என்ற குறி வராது என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். செயற்கைக்கோள் குறுக்கீட்டால் கெட்ட தரவை NaN என்று குறித்து வைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே காணாமல் போய்விடும், கெட்டது நல்லதோடு கலந்துவிடும்.

அதனால் பழைய பைதான் கோடை அழிக்காதீர்கள். ஒரு சிறிய கோப்பைப் பழைய கோடு, புதிய கோடு இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.