அரக்கன் குரலில் உறுமலைக் குறைத்தேன்

அனிமேஷன் கதையில் வசீகரமான அரக்கனுக்குக் குரல் கொடுக்கும்போது சறுக்கிய இடம் உறுமல்தான். தொண்டையை இறுக்கிப் பேசினால் கொஞ்ச நேரத்தில் குரல் கம்மிவிடும், வசனமும் புரியாது. இறுக்கத்தை விட்டுவிட்டு, மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் தணிந்து பேசினேன். கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும் வகை), வாய் நெருங்க நெருங்க அடிக்குரலைத் தானே கூட்டித் தரும். கனம் அங்கிருந்தே வந்துவிடும். ஆனால் 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்கும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரை வைத்ததும் நின்றது.

மிரட்டலுக்குச் சத்தம் தேவையே இல்லை. "வா கண்ணா... உட்கார்" என்பதை நிஜமாகவே புன்னகைத்துக்கொண்டு தொடங்குங்கள், உதடு விரிந்தாலே ஒலி மாறும். 'உட்கார்' சொல்லுமுன் ஒரு நொடி நிறுத்தி, அந்தச் சொல்லில் மட்டும் சிரிப்பை எடுத்துவிடுங்கள். அலறல் வசனங்களை எப்போதும் கடைசியில் பதிவு செய்யுங்கள்.