ஊசி, பி.பி.க்கு முன்னால் ஒரு நிமிஷம்

முதன்முறை வார்டுக்கு வரும் நர்சிங் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் நீலகிரியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டாஃப் நர்ஸ். பி.பி. பார்ப்பதும் ஊசி போடுவதும் போடப் போடக் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் நோயாளியிடம் போய் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பலர் கடைசிவரை பழகுவதே இல்லை.

முதலில் கை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் நம் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். சானிடைசர் போட்டால் இன்னும் சில்லிடும். 20, 30 வினாடி நன்றாகத் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு உள்ளங்கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். துடைத்த ஸ்டெத்தின் தட்டையும் கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வையுங்கள்.

அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். "வணக்கம்மா. நான் நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், சிஸ்டர் பக்கத்துலயே இருக்காங்க" என்று உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளை என்பதை மறைக்க வேண்டாம். மறைத்துவிட்டுக் கை நடுங்கினால்தான் அவருக்குப் பயம் வரும்.

அம்மா, ஐயா, அண்ணே, அக்கா எதுவும் சரி. பாட்டி என்று மட்டும் அவசரப்பட்டுக் கூப்பிடாதீர்கள். வெயிலிலும் பனியிலும் தேயிலைக் கொழுந்து பறித்த முகம் சீக்கிரம் சுருங்கிவிடும். கேஸ்ஷீட்டைப் பார்த்தால் வயது 45 என்று இருக்கும்.

அடுத்து பெயர். நான் மாணவியாக இருந்தபோது ஒரு வார்டில் கையில் ஊசி மருந்தோடு போய், ஷீட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள்தான், "அவங்களுக்குக் காது கேக்காதுங்க, நீங்க சொன்னது எங்கம்மா பேரு" என்றாள். இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. அன்றிலிருந்து நானாகப் பெயரைச் சொல்வதில்லை. "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டையில் ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) ஷீட்டோடு ஒத்துப் பார்க்கிறேன். படகர் சமூகத்து வீடுகளில் போஜன், ஜோகி என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரே வார்டில் இரண்டு ஜோகி ஐயா இருப்பது அதிசயமே இல்லை. எந்த ஹட்டி, அதாவது எந்தப் படகர் ஊர் என்று கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள், அது பேச்சு தொடங்க நல்லது. ஆனால் ஆளை உறுதிசெய்வதற்கு நம்பர்தான். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்கு மலையாளமோ பணியர் பழங்குடியினரின் பேச்சோதான் வசதி என்றால், துணைக்கு வந்தவரை முதலிலேயே பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கையை நீட்டச் சொன்னால் சால்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். கொழுந்துச் சாறு ஏறி விரலெல்லாம் கறுத்திருக்கும், நகத்தோரம் வெடித்திருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கறை போகாது. அழுக்கு என்று நாம் நினைத்துவிடுவோமோ என்கிற கூச்சம் அவர்களுக்கு. அப்போது ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பைப் படக்கென்று மாட்டாதீர்கள். "எத்தனை வருஷமா தோட்டத்துல இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் கையை உங்கள் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமும் போகும், விரலும் சூடாகும். குளிரில் விரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் கிளிப் தப்பான எண் காட்டும், சிலநேரம் எண்ணே வராது. இப்படிப் பிடித்துச் சூடாக்கிய பிறகு மாட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் செய்யும் முன்பே சொல்லுங்கள். "இந்த பி.பி. பட்டை கையை நல்லா இறுக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுடும். பாக்கலாமாம்மா?" பதில் வரும்வரை காத்திருங்கள். ஊசி என்றால் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "சுருக்குன்னு இருக்கும், உடனே எடுத்துடுவேன்" என்றால் போதும். துணியை விலக்க வேண்டியிருந்தால் ஸ்க்ரீனை இழுத்துவிட்டுக் கேளுங்கள்.

பி.பி. என்றால் இந்தப் பேச்சோடு பேச்சாக இன்னும் சில கேள்வி. அரைமணி நேரத்துக்குள் டீ, காபி குடித்தாரா, பீடி பிடித்தாரா, ஒன்றுக்குப் போக வேண்டுமா. நம் ஊரில் டீ இல்லாத காலை ஏது? குடித்திருந்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டு வாருங்கள். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றக் கூடாது. ஸ்வெட்டரின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டாலும் அது கயிறு கட்டினது போல் ஆகி அளவு மாறும். "ஒரு கையை மட்டும் கழட்டிக்கலாமா, குளிராம போத்திவிடுறேன்" என்று கேட்டு, அந்தத் தோளில் கம்பளியைப் போர்த்திவிடுங்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். "இப்ப கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேச வேண்டாம்மா, பேசினா அளவு கூடிடும்" என்று சொல்லிவிட்டுப் பட்டையைச் சுற்றுங்கள்.