பாலைவன ஸ்லாட் கேன்யனைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தல்

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலப் பாலைநிலங்களில், மணற்பாறையைத் திடீர் வெள்ளங்கள் காலங்காலமாக அறுத்து உருவாக்கிய ஆழமான, குறுகிய பிளவுகளே ஸ்லாட் கேன்யன்கள். அவற்றினுள் வெயில் தரைவரை நேராக இறங்குவது அரிது. மேல்விளிம்பில் பட்டு, எதிர்ச்சுவருக்குத் தாவி, அங்கிருந்து மீண்டும் சிதறி, மங்கிக்கொண்டே கீழே வருகிறது. வெயிலுக்கு அருகிலுள்ள சுவர் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும், அடுத்த மடிப்பு செம்மையாகவும், வானொளி மட்டுமே எட்டும் மூலைகள் நீலம் கலந்த ஊதாவாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். கறுப்பு வெள்ளையில் எடுப்பவர் இந்த நிற வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. சாம்பல் சாயல்களைப் பிரித்துக் காட்ட அவருக்குக் கிடைக்கும் முதன்மையான கருவி அதுதான்.

ஆகவே டிஜிட்டல் கேமராவில் ரா கோப்பாகவே, அதாவது சென்சார் பதிந்த தகவல் அனைத்தையும் அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவே, எடுக்க வேண்டும். கேமராவின் திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டால், கோப்பில் நிறங்கள் பத்திரமாக இருக்க, கண் நிறத்தில் மயங்காமல் வடிவங்களைத் தேடத் தொடங்கும். பின்னர் கணினியில் ஆரஞ்சையும் மஞ்சளையும் உயர்த்தி நீலத்தையும் ஊதாவையும் தாழ்த்தினால் சுவர்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தோன்றும், மடிப்புகள் ஆழமாகும். அதற்கு நேரெதிராகச் செய்தால் பாறை கனத்து இறுகிவிடும். பெரும்பாலும் முதல் வழியே பொருந்தும் என்றாலும், சொரசொரப்பான சுவர்களுக்கு இரண்டாவதையும் முயன்று பார்ப்பது நல்லது. பல மென்பொருள்களில் ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றினாலே சாம்பல் சாயல்களும் இடம் மாறும் என்பதால், முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பிறகு நிறங்களைத் தொட வேண்டும்.

எக்ஸ்போஷரில்தான், அதாவது படத்தில் பதியவிடும் ஒளியின் அளவில்தான், பலர் இடறுகிறார்கள். வெயில் படும் விளிம்புக்கும் அடித்தரைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்குவது பெரும்பாலும் இயலாது. எனவே வானத்தையும் நேர்வெயில் படும் பாறையையும் சட்டகத்திலிருந்து விலக்குவதே முதல் தீர்வு. எதிரொளி மட்டுமே உள்ள பகுதிக்குள் நின்றுகொண்டால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அடுத்து, செம்பாறையில் சிவப்பு நிறமே முதலில் எல்லை மீறி வெளிறும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதை மறைத்துவிடக்கூடும் என்பதால், மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். ஐயம் இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) மூன்று படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முக்காலி வைக்க முடிந்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 11 என்று தொடங்கி, ஷட்டர் எத்தனை நொடி கேட்டாலும் கொடுத்துவிடலாம். பிலிமில் எடுப்பவர்கள் நீண்ட எக்ஸ்போஷரில் பிலிமின் உணர்திறன் குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு ஒளிமானி 10 நொடி காட்டினால் ஏறத்தாழ 20 நொடியும், 30 நொடி காட்டினால் ஏறத்தாழ 86 நொடியும் தேவைப்படும். சிவப்பு ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாறையே செம்மை என்பதால் அது சுவர்களுக்கு இடையிலான வேறுபாட்டை மழுக்கிவிடுகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் முக்காலிக்கு இடமில்லை. பேஜ் நகருக்கு அருகிலுள்ள ஆன்டலோப் கேன்யன் நவாஹோ மக்களின் நிலம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே செல்லலாம், பொதுச் சுற்றுகளில் முக்காலிக்கு அனுமதி இல்லை. அங்கே ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை உயர்த்தி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே உள்ள சுவர்களை எடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கோடையின் நண்பகலில் அப்பர் ஆன்டலோப்பில் இறங்கும் ஒளிக்கற்றைகளுக்காகவே பலர் வருகிறார்கள். என் கருத்தில், கறுப்பு வெள்ளைக்கு அவை அத்தனை அவசியமில்லை. மென்மையான எதிரொளியில் சுவரின் வரிகள் இன்னும் நன்றாகப் பேசும். யூட்டாவின் எஸ்கலான்டே பகுதியிலுள்ள ஸ்பூக்கி கேன்யனிலோ முதுகுப்பையைக் கழற்றிப் பக்கவாட்டில் நகர வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும்.

அந்த ஒரு லென்ஸ் அகலக்கோணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 70 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸில் தரையும் வானமும் மறைந்து, அளவு தெரியாத வளைவுகள் மட்டும் எஞ்சும். நிறம் இல்லாத படத்துக்கு இந்த அருவத் தன்மை நன்கு பொருந்துகிறது. மேலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் உள்ளே லென்ஸை மாற்றவே கூடாது; கண்ணாடியில் படியும் தூசியைத் துணியால் தேய்க்காமல் காற்றூதியால் ஊத வேண்டும்.

வானிலை அறிக்கையில் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் லோயர் ஆன்டலோப்புக்குள் பாய்ந்து 11 பேர் உயிரிழந்தனர். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில், கேன்யனுக்குள் நீர் வடிந்து வரும் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதன் முன்னறிவிப்பையும் பார்த்து, மழைக்கு வாய்ப்பிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இறுதி வேலையில் படம் முழுவதற்கும் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவதைவிட, ஒவ்வொரு மடிப்பாக எடுத்துக்கொண்டு ஒளிரும் விளிம்பைச் சற்று வெளுப்பாக்கி, அதை ஒட்டிய நிழலைச் சற்றுக் கருமையாக்குவது பலன் தரும். மிக ஆழமான ஓரிரு பிளவுகள் மட்டும் முழுக் கருப்பாகலாம். மற்ற நிழல்களில் பாறையின் வரி மங்கலாகவேனும் தெரிய வேண்டும். திரையில் தெரியும் அந்த வரிகள் தாளில் அடங்கிப்போவது வழக்கம் என்பதால், பெரிய அச்சுக்கு முன் சிறிய அச்சு ஒன்றை எடுத்து நிழல்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.