லேசிக்கா, ஸ்மைலா, பிஆர்கேவா? ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பலர், எந்த முறை என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். "ஸ்மைல்தான் புதுசு, அதையே பண்ணிடுங்க" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. உங்கள் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிந்த படலம், கார்னியா) தடிமன், அதன் மேற்பரப்பு, பவர் மூன்றும் கையில் இல்லாதபோது எந்த முறை நல்லது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

மூன்று முறைகளுமே கருவிழியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து அதன் வளைவை மாற்றுகின்றன. எடுக்கும் வழிதான் வேறு. பிஆர்கேவில் மேல்தோலை நீக்கிவிட்டு எக்சைமர் லேசரால் நேரடியாகச் செதுக்குவார்கள். லேசிக்கில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திருப்பிவைத்து, அடியில் அதே எக்சைமர் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படியவைப்பார்கள். ஸ்மைலில் எக்சைமருக்கு வேலை இல்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே சிறு வில்லை ஒன்றை வெட்டும். 2 முதல் 4 மிமீ திறப்பு வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். (எக்சைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன்.)

பெயரைப் பார்த்து ஒப்பிடுவது

"பிளேடு இல்லாத சிகிச்சை" என்ற விளம்பரத்தை நம்பி விலையை ஒப்பிடாதீர்கள். மூடியை ஃபெம்டோ லேசரால் வெட்டும் லேசிக்கிலும் பிளேடு இல்லை, ஸ்மைலிலும் இல்லை, மேல்தோலையும் லேசரே நீக்கும் டிரான்ஸ் பிஆர்கேவிலும் இல்லை. காண்டூரா என்பதும் தனி அறுவை சிகிச்சை அல்ல. கருவிழியின் மேடுபள்ள வரைபடத்தை வைத்துச் செதுக்கும் முறை. அதை லேசிக்கிலும் செய்யலாம், பிஆர்கேவிலும் செய்யலாம். எனவே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மூடி வெட்டுவீர்களா? எதை வைத்து வெட்டுவீர்கள்?

கணக்குப் போடாமல் விடுவது

இதுதான் பெரிய தவறு. கணக்கு என்னவோ எளிதுதான். 6.5 மிமீ அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு பவருக்கு (ஒரு டயாப்டருக்கு) சுமார் 14 மைக்ரான் திசு போகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் கருவிழி 500 மைக்ரான், பவர் மைனஸ் 7 என்று வைத்துக்கொள்வோம். செதுக்குவதற்கு 98 மைக்ரான் தேவை.

லேசிக்கில் மூடிக்கு 110 மைக்ரான் போக, அடியில் மிஞ்சுவது 292. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய எல்லை. இன்று பலர் 300 கேட்கிறார்கள். அத்துடன் மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கணக்கும் உண்டு, இங்கே 41.6 வருகிறது. ஸ்மைலில் திசு மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வில்லையைக் கிழியாமல் எடுக்க, அடியில் கூடுதலாக 10 முதல் 15 மைக்ரான் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். வில்லைக்கு மேலுள்ள அடுக்கு 120, வில்லை 113 என்றால் கீழே மிஞ்சுவது 267தான். மேலடுக்கு வெட்டுப்படாமல் இருப்பதால் வலு அதிகம் என்பது ஸ்மைலுக்குச் சாதகமான வாதம். ஆனால் மெல்லிய கருவிழிக்கு அதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பிஆர்கேவில் மேல்தோல் சுமார் 55 போக 347 மிஞ்சும். ஆனால் மைனஸ் 6க்கு மேல் போனால் பிஆர்கேவில் புகைபோல் தழும்பு படியும் வாய்ப்பு கூடுவதால், மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் வைத்து எடுப்பார்கள். இப்படிப்பட்ட கண்ணுக்குக் கருவிழியைச் செதுக்காமல் உள்ளே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

செதுக்கும் அகலத்தை 6 மிமீக்குக் குறைத்தால் ஒரு பவருக்கு 12 மைக்ரான் போதும், கணக்கு சரியாகிவிடும். ஆனால் இருட்டில் பாப்பா (கண் நடுவே ஒளி நுழையும் கருந்துளை) 7 மிமீ விரியும் கண்ணாக இருந்தால், எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். எந்த அகலத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடிமன் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பென்டாகேம் போன்ற ஸ்கேனில் கருவிழியின் பின்பக்கமும் பார்க்கப்பட வேண்டும். கூம்புக் கருவிழி நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். அதைக் கவனிக்காமல் லேசர் செய்தால், கருவிழி நாளடைவில் முன்னே பிதுங்கி, கண்ணாடி போட்டாலும் தெளியாத பார்வையில் கொண்டுபோய் விடும். அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸோடு பரிசோதனைக்குப் போவது

லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றும். அந்த வடிவத்தை அளந்து செதுக்கினால், பிறகு மீதிப் பவர் நிற்கும். மென்மையான லென்ஸை 1 முதல் 2 வாரம், கடினமான ஆர்ஜிபி லென்ஸை 3 முதல் 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பவர் ஓராண்டாக அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். இளம் வயதினருக்குக் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்க்காவிட்டால், இல்லாத மைனஸையும் சேர்த்துச் செதுக்கும் ஆபத்து உண்டு.

மறுநாள் பார்வையை மட்டும் ஒப்பிடுவது

மறுநாளே தெளிவு என்பதில் லேசிக்கை மிஞ்ச முடியாது. ஸ்மைலுக்குச் சில நாள் கூடுதலாகலாம். பிஆர்கேவில் முதல் 2, 3 நாள் வலி. 3 முதல் 5 நாள் கண்ணில் பாதுகாப்பு லென்ஸ். பார்வை முழுதாக நிலைப்பட வாரங்கள், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும். ஒரு வார லீவு போட்டுவிட்டு உடனே கணினி வேலைக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

பிஆர்கேவில் இன்னொரு கோளாறு சொட்டு மருந்தில் வரும். ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தழும்பு, சொந்தமாக நீட்டித்தால் கண்ணழுத்தம். செதுக்கிய கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், வேறு மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

லேசிக் மூடி முழு வலுவோடு ஒட்டாது. ஆண்டுகள் கழித்துக்கூட பலத்த அடி பட்டால் நகரலாம். குத்துச்சண்டை, கபடி ஆடுபவர்களுக்கு மூடியில்லாத முறைகள் மேல். லேசிக் மூடியின் நீண்ட வெட்டு அதிக நரம்புகளை அறுப்பதால் கண் வறட்சியும் அதில்தான் கூடுதல். பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் தணியும். ஏற்கெனவே வறண்ட கண் என்றால் கண்ணீர்ப் பரிசோதனையில் கீழிமையில் வைக்கும் காகிதம் 5 நிமிடத்தில் எத்தனை மிமீ நனைகிறது என்று பாருங்கள். 10க்குக் கீழே என்றால் முதலில் வறட்சிக்குச் சிகிச்சை.

செலவில் பாதியை மட்டும் பார்ப்பது

மீதிப் பவர் நின்றால் மறுசிகிச்சை எப்படி, யார் செலவில் என்று முன்பே கேளுங்கள். லேசிக்கில் மூடியை மறுபடி தூக்கிச் செதுக்கலாம். ஸ்மைலை அதே கண்ணில் அப்படியே திரும்பச் செய்வது வழக்கமில்லை. பிஆர்கே செய்வார்கள், அல்லது மேலடுக்கை மூடியாக்கிச் செதுக்குவார்கள்.

40ஐ நெருங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைனஸ் 2 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிப்பார். முழுப் பவரையும் நீக்கினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், எந்த முறையானாலும்.

அதிகப் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரையில் ஓட்டை வரும் அபாயத்தை எந்த லேசரும் குறைக்காது. பாப்பாவை விரிவாக்கி விழித்திரையைப் பார்க்கும் சோதனையை, கண்ணாடி போன பிறகும் தொடருங்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு அளவுகள், ஸ்கேன் நகல் மூன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும். செதுக்கிய கருவிழியில் வழக்கமான சூத்திரங்கள் தவறான பவரைக் காட்டும்.