புளிய தூக்கி வைங்க: பழைய டிராம் டோக்கன அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், பித்தளை கறுத்துக் கெடக்குதேன்னு புளிய எடுத்துடாதீங்க. நான் எடுத்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடை, எனாமல் தட்டும் தூக்குச்சட்டியும் குமிஞ்சு கெடக்கிற மூலைல ஒரு தகர டப்பா, உள்ள பொத்தான், துருப்பிடிச்ச சாவி, செல்லாக்காசு, அதுக்கு நடுவுல கறுத்த வட்டம் ஒண்ணு, மையத்துல ஓட்டை. கடைக்கார அண்ணன் "ஓட்டைக் காலணா தம்பி, அம்பது ரூபா குடுங்க"ன்னாரு. நானும் அதையே நம்பி வீட்டுக்கு கொண்டாந்து அம்மா குத்துவிளக்கு வெளக்குற மாதிரியே புளியும் செங்கத்தூளும் போட்டு தேய் தேய்ன்னு தேய்ச்சேன், தங்கமா மின்னுச்சு. அப்புறம்தான் பாக்குறேன், காலணாவும் இல்ல ஒண்ணும் இல்ல, 'டிராம்வேஸ் கம்பெனி'ன்னு இங்கிலீஷ்ல ஆழமா வெட்டியிருக்கு, அடில 1டி, மேல ஊர் பேரு இருந்த எடம் மட்டும் மொழுமொழுன்னு ஆயிடுச்சு. அந்த ஊர் பேரு லேசா அடிச்ச எழுத்து, அதான் மொதல்ல போயிடுச்சு.

டிராம்னா தெருவுல தண்டவாளம் போட்டு ஓடின வண்டி, டோக்கன்னா அதுல டிக்கெட்டுக்கு பதிலா குடுக்கிற வில்லை. அதனால இத எழுதுறேன், உங்க வீட்டு பெட்டகத்துல இப்படி ஒண்ணு கெடைச்சா என்ன பண்ணணும்னு.

கழுவுறதுக்கு முன்னாடி அது என்ன பொருள்னு பாருங்க. பித்தளை, செம்புன்னா பேட்டரிக்கு ஊத்த கடைல விக்கிற டிஸ்டில்டு வாட்டர்ல (ஆசிட் இல்ல) கொஞ்ச நேரம் போட்டு, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தட்டி, பருத்தித் துணியில ஒத்தி எடுத்தா போதும், அந்த கறுப்பு போகலைன்னா போக வேணாம், கறுப்புதான் எழுத்த காப்பாத்துது. கருப்பா ரப்பர் மாதிரி கெட்டியா இருந்தா எபோனைட், விரலால நல்லா சூடு வர்ற மாதிரி தேய்ச்சா கந்தக வாடை வரும், இதுக்கு வெந்நியும் ஆகாது வெயிலும் ஆகாது, பழுப்பாயிடும். கலர் கலரா மெல்லிசா இருந்து, தேய்ச்சா கற்பூர வாடை வந்தா செல்லுலாய்டு, அந்த காலத்து பிளாஸ்டிக். அது கற்பூரம் சேத்து செஞ்சதுதான், அதனால ஊசிய காய்ச்சி குத்தி டெஸ்ட் பண்றேன்னு கெளம்பாதீங்க, குப்புன்னு பத்திக்கும். வெள்ளையா இருந்தா எலும்பா இருக்கலாம், இல்லைன்னா தந்தமா இருக்கலாம், எலும்புல பொடிப்பொடியா கறுப்பு புள்ளி தெரியும், தந்தத்துல குறுக்கும் நெடுக்குமா வலை மாதிரி மெல்லிய கோடு ஓடும். ரெண்டையும் தண்ணில போடாதீங்க. தந்தம்னு தோணுச்சுன்னா விக்கிற யோசனைய அதோட விட்டுடுங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல மாட்டிக்குவீங்க.

அடுத்தது எழுத்து. ராத்திரி லைட்ட அணைச்சிட்டு டோக்கன மேசைல வச்சு, போன் டார்ச்ச பக்கவாட்டுல மேசையோட ஒட்டி புடிங்க, மெல்ல சுத்திக்கிட்டே வாங்க, நேர்வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாத எடத்துல நிழல் விழும். மேல இருந்து போட்டோ எடுத்துக்கங்க, ஒவ்வொரு கோணத்துக்கும் ஒண்ணு. மெல்லிசு பேப்பர மேல வச்சு பென்சில சாய்ச்சு தேய்ச்சும் பாக்கலாம், ஆனா எனக்கு டார்ச்சுதான் கை குடுத்துச்சு.

இப்ப காசு. இது நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா செட்டிநாட்டு பெட்டிங்கள்ல கெடக்கிற சாமான் எல்லாம் ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர்னு கப்பல் ஏறி வந்தது, அந்த மூணு ஊர்லயுமே டிராம் ஓடுச்சு. சிங்கப்பூர்ல மின்சார டிராம் 1905ல இருந்து 1927 வரைக்கும், கொழும்புல 1960 வரைக்கும் இருந்துச்சு. அணான்னு போட்டிருந்தா இந்தியா, பர்மா பக்கம், சென்ட்னு இருந்தா இலங்கை, இல்லைன்னா மலாயா பக்கம் தேடுங்க. 1டி, அரை டின்னு இருந்தா பென்னி. டின்னா டாலர்னு நெனைச்சிடாதீங்க, ரோமாக்காரன் காசு டினேரியஸ், அதோட மொத எழுத்த வெள்ளைக்காரன் பென்னிக்கு வச்சுக்கிட்டான். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இன்னொண்ணு, டோக்கன்ல 'விக்டோரியா'ன்னு இருந்தா ராணி பேருன்னு முடிவு கட்டாதீங்க, ஆஸ்திரேலியால அந்த பேர்ல ஒரு மாகாணமே இருக்கு, அங்க மெல்போர்ன்ல ஒரு தனியார் கம்பெனி 1885ல இருந்து 1916 வரைக்கும் கேபிள் டிராம் ஓட்டுச்சு, அங்கயும் அப்ப பென்னிதான்.

சரி இங்கிலாந்துன்னு வந்துடுச்சு, எந்த வருஷம்? இங்கதான் கொஞ்சம் கதை தெரியணும், எனக்கு ரொம்ப புடிச்சதும் இதான். 1860ல ஜார்ஜ் ஃபிரான்சிஸ் டிரெயின்னு ஒரு அமெரிக்கர் (பேரே டிரெயின்தான்) பர்க்கன்ஹெட்ல குதிரை டிராம் விட்டாரு, அடுத்த வருஷம் லண்டன்ல போட்டாரு, ஆனா அவர் போட்ட தண்டவாளம் ரோட்டுக்கு மேல துருத்திக்கிட்டு நின்னுச்சு, மத்தவங்க வண்டி சக்கரம் எல்லாம் மாட்ட ஆரம்பிச்சு, ரோட்ட நாசம் பண்ணிட்டாருன்னு அவர புடிச்சு, தண்டவாளத்தையும் புடுங்கிட்டாங்க. அப்புறம் ரோட்டோட சமமா பதிக்கிற பள்ளத் தண்டவாளம் வந்து, 1870ல டிராம்வே சட்டம் வந்துச்சு. அதுல ரெண்டு சரத்த புடிச்சுக்கங்க. ஒண்ணு, தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற ரோட்டையும் ரெண்டு பக்கமும் 18 அங்குலத்தையும் கம்பெனிதான் பராமரிக்கணும், ஊர்ல போற எல்லா வண்டியும் ஓடி தேய்க்கிற ரோட்டுக்கு இவன் காசு. இன்னொண்ணு, 21 வருஷம் முடிஞ்சா அந்த ஊர் நகராட்சி கம்பெனி வேணாம்னாலும் கட்டாயமா வாங்கிக்கலாம், அதுவும் அன்னைய மதிப்புக்கு. அன்னைய மதிப்புன்னா என்னன்னு பெரிய சண்டை நடந்து 1894ல பிரபுக்கள் சபை (அப்ப அங்க அதுதான் கடைசி கோர்ட்டு) தீர்ப்பு சொல்லிச்சு, தண்டவாளம் போட ஆகுற செலவுல தேய்மானம் போக மிச்சம்தான், ஓடுற தொழிலுக்கு, வர்ற லாபத்துக்கு எல்லாம் விலை கெடையாதுன்னு. நம்மூர்ல ஒத்திக்கு இருக்கிறவன் கடைசி வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிப்பானா? அதே கதைதான், கெடு நெருங்க நெருங்க கம்பெனிங்க காசு போடுறத நிறுத்துச்சு, வண்டி ஆட்டம் கண்டுச்சு, மின்சாரத்துக்கு மாறவும் தயங்குச்சு. நம்ம மெட்ராஸ்ல 1895லயே மின்சார டிராம் ஓடுச்சு, லண்டன் தெருவுல 1901லதான் வந்துச்சுன்னா பாத்துக்கங்க.

இப்ப இத டோக்கன்ல வச்சு படிங்க. 'கம்பெனி'ன்னு இருந்தா தனியார், பெரும்பாலும் 1870க்கு அப்புறம், நகராட்சி வாங்குறதுக்கு முன்னாடி. 'கார்ப்பரேஷன்'னு இருந்தா நகராட்சி ஓட்டினது, இதுல மொத ஆளு ஹடர்ஸ்ஃபீல்டு, 1883ல. கிளாஸ்கோ 1894ல எடுத்துக்கிச்சு. 'லிமிடெட்' இல்லையேன்னு போலின்னு சொல்லாதீங்க, பார்லிமெண்ட்ல தனிச்சட்டம் போட்டு உருவான கம்பெனிக்கு அந்த வார்த்தை தேவையில்ல.

டோக்கன் எதுக்குன்னா, ஒரு வண்டிய ரெண்டு குதிரை இழுக்கும், ஆனா நாள் பூரா ஓட்ட மாத்தி மாத்தி பூட்ட பத்து பதினோரு குதிரை வேணும், தீவனம்தான் பெரிய செலவு, இதுல கண்டக்டர் பென்னிய பாக்கெட்ல போட்டா கம்பெனி என்னாகும். முன்கூட்டியே டோக்கன வித்துட்டா காசு மொதல்ல வந்துடும், ஆபீஸ்காரங்க மொத்தமா வாங்கி எடுபிடி பசங்களுக்கு குடுத்துடுவாங்க. பேப்பர் டிக்கெட்ட துளை போட்டா மணி அடிக்கிற பெல் பஞ்ச் மிஷினும் இதே திருட்டுக்குத்தான் வந்துச்சு, வெட்டின துண்டெல்லாம் மிஷினுக்குள்ளயே விழும், சாயங்காலம் ஆபீஸ்ல எண்ணிடுவாங்க.

ஒரு எச்சரிக்கை. சிலோன் காப்பித் தோட்ட டோக்கனும் நம்ம பக்கம் நெறைய கெடைக்கும், கூலிக்கணக்குக்கு குடுத்தது, டிராம்ங்கிற வார்த்தையே இருக்காது, தோட்டம் பேரு, இல்லைன்னா கொழும்பு கம்பெனி பேரு இருக்கும். விலை கேட்டா அதுதான் நல்லா போகும்னு நெனைக்கிறேன், அதையும் புளில போட்டுடாதீங்க.

பேரு கெடைச்சாச்சா, லண்டன் கெசட்ங்கிற அரசாங்க அறிவிப்பு பத்திரிகை இணையத்துல இலவசம், அதுல வருஷா வருஷம் நவம்பர் மாசத்த தேடுங்க, புது டிராம் போட அனுமதி கேக்குறவங்க அப்பதான் விளம்பரம் குடுக்கணும், எந்தெந்த தெருன்னு வரிவரியா இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலக தளத்துல பழைய மேப் எல்லாம் இலவசம், தெருவுக்குள்ள தண்டவாளக் கோடே தெரியும், நான் ஒரு ராத்திரி பூரா அதுல தெருத்தெருவா சுத்தி மறுநாள் கடைய லேட்டா தொறந்தேன். கலைஞ்சுபோன லிமிடெட் கம்பெனி காகிதம் லண்டன் கியூல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல, பிடி 31ங்கிற வரிசைல.

வெளிநாட்டு ஆளு யாராச்சும் வாங்குறேன்னா உடனே கவர்ல போட்டு அனுப்பிடாதீங்க, 100 வருஷம் தாண்டின பொருள வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் குறுக்க நிக்கும். வைக்கிறதுன்னா பேப்பர் உறைல வைங்க, மெத்துன்னு இருக்கிற பிவிசி கவர்ல வச்சா கொஞ்ச நாள்ல பச்சையா பிசுபிசுன்னு ஆயிடும்.

என்னோடது என்னாச்சுன்னா, டார்ச்ச வச்சு பாத்ததுல ஊர் பேரோட கடைசி ஆறு எழுத்து, 'இங்ஹாம்', நிழலா வந்துடுச்சு. முன்னாடி நாலு எழுத்துக்கு எடம் இருக்கு. நாட்டிங்ஹாம்னா 1878ல ஓட ஆரம்பிச்சு 1897ல நகராட்சி வாங்கின கம்பெனி, ரொம்ப சந்தோஷமா எழுதி வச்சுட்டேன். மறுநாள்தான் பர்மிங்ஹாமும் இங்கிலீஷ்ல பத்து எழுத்து, அதுவும் அதே ஆறு எழுத்துல முடியுதுன்னு உறைச்சுது. வித்தியாசமே மொத நாலு எழுத்துதான், புளி தின்னதும் அந்த நாலத்தான். ரெண்டாவது எழுத்து இருந்த எடத்துல ஒரு வளைவு தெரியுது, அது நாட்டிங்ஹாம்ல வர்ற இங்கிலீஷ் ஓன்னு நான் சொல்றேன், செங்கத்தூள் கீறல்ங்கிறா என் வீட்டம்மா.