தவக்காலத்தில் வாய் தவறும் இடங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பெங்களூரு அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்தால், பக்கத்து இருக்கைக்காரர் கண்டிப்பாக "இது என்ன?" என்பார். அங்கேயே இரண்டு தவறுகள் நடக்கும். சிலர் கூச்சப்பட்டு, முன்பே துடைத்துவிட்டு வருவார்கள். சிலர் அரை மணி நேரம் மறைக்கல்வி நடத்துவார்கள். "மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைவுபடுத்தும் சாம்பல், இன்றைக்கு நோன்பு தொடங்குகிறது" என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் அவர் கவனிக்கப்போவது நம் நடத்தையை.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொரு தவறு பற்றி: நோன்பின் பசியை அடுத்தவர்மேல் கொட்டுவது. சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அன்று தாமதம். பஸ் கிடைக்கவில்லை என்றார். நான் கத்திவிட்டேன். கோயிலில் ஆறாம் நிலை, வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார் என்று வாசித்தபோது, வியர்வையோடு வாசலில் நின்ற அந்த அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். விவிலியத்தில் எசாயா 58ஆம் அதிகாரம் இதைத்தான் முகத்துக்கு நேரே கேட்கிறது: நோன்பு நாளில் வேலையாட்களை வாட்டுகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள், இதுவா நோன்பு?

பசித்தால் எரிந்து விழுகிறவர் என்றால், கொஞ்சம் சாப்பிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை கட்டாய நோன்பாக வைத்திருப்பது திருநீற்றுப் புதன், புனித வெள்ளி என்ற இரண்டு நாட்கள் மட்டுமே. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. அன்றும் ஒருவேளை முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் உண்டு. நோயாளிகளுக்குக் கட்டாயமே இல்லை. சர்க்கரை மாத்திரை போடும் அம்மாவைப் பட்டினி போட வைப்பது பக்தி ஆகாது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது, மீன் கூடும் என்பதால், சிவாஜிநகர் பசிலிக்காவுக்கு எதிரே ரஸல் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி விருந்து வைப்பதும் நடக்கிறது. சட்டம் மீறவில்லைதான். ஆனால் கறிக்காசு மிச்சமாகி, தவக்கால உண்டியல் வழியாக இல்லாதவருக்குப் போக வேண்டாமா?

அதே சிவாஜிநகரில், 2025இல் ரமலான் நோன்பும் நம் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கின. "அவங்க நோன்பு கஷ்டம், நம்மது ஈசி" என்றோ, அதற்கு நேர்மாறாகவோ ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கடையில் நிற்கும் பாயிடம், சாயங்கால நேரத்தில் பேரத்தை நீட்டாமல் இருப்பதே நல்ல சாட்சியம்.

"உங்களுக்காக செபிக்கிறேன்" என்ற சொல்லையும் கவனியுங்கள். மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாதவரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அது விவிலியத்தில் யாக்கோபு தன் திருமுகத்தில் கண்டித்த வார்த்தை: குளிர்காய்ந்து கொள்ளுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்புவது. செபியுங்கள், ஒரு இரவு துணைக்குத் தங்கவும் போங்கள்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் "யாரையாவது காயப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்" செய்தி. காயப்பட்ட அந்த ஒருவர் யார் என்று நமக்கே தெரியும். பெரும்பாலும் சொத்துப் பேச்சில் உறவு முறிந்த அண்ணன், இல்லையென்றால் நாத்தனார். காணிக்கை செலுத்தும் முன் போய்ச் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று இயேசு சொன்னது அந்த ஒருவரைப் பற்றி. போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் ஞாயிறு பூசை முடிந்து நேரில் போங்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு.