திருச்சபைக்கு லோகோ வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சபை லோகோக்கள் பெரும்பாலும் ஆசை மிகுதியால்தான் கெடுகின்றன. போதகர் சிலுவையும் திறந்த வேதாகமமும் கேட்பார், மூப்பர்கள் புறாவைக் கேட்பார்கள், இளைஞர் குழு அக்கினி நாக்கைக் கேட்கும். அடியில் ஒரு வசனமும் வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் வேத ஆதாரம் இருப்பதால் எதையும் மறுக்க மனம் வராது. கடைசியில் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடைபட்டுவிடும். பிரசங்கத்தைப் பிரசங்க பீடத்துக்கு விட்டுவிடலாம். பார்த்த மாத்திரத்தில் இது இன்ன சபை என்று தெரிய லோகோவுக்கு ஒரே ஓர் உருவம் போதும்.

அந்த ஓர் உருவத்தை எங்கே தேடுவது? சபையின் பெயரிலிருந்தே தொடங்கச் சொல்வேன். நல்ல மேய்ப்பர் ஆலயம் என்றால் மேய்ப்பனின் கோல் இருக்கிறது. பெத்லகேம் என்றால் நட்சத்திரம். நம்பிக்கையைப் பெயரில் தாங்கிய சபைக்கு எபிரெயர் 6:19 நங்கூரத்தைத் தருகிறது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் செதுக்கிவைத்த சின்னம் அது. சிலுவை இல்லாமல் சபை லோகோவா என்று கேட்பவர்கள் உண்டு. சபை பெயரிலேயே ‘ஆலயம்’ என்றோ ‘திருச்சபை’ என்றோ இருக்கும்போது, சிலுவையை வலிந்து நுழைக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

சிலுவைதான் வேண்டும் என்றால், எந்தச் சிலுவை என்பதில் அலட்சியம் கூடாது. இணையத்தில் அழகாகத் தென்பட்ட ஒன்றை எடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கீழ்த்தண்டு நீண்டது லத்தீன் சிலுவை. நான்கு கைகளும் சமமானது கிரேக்கச் சிலுவை. சந்திப்பைச் சுற்றி வளையம் உள்ளது கெல்டியச் சிலுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபு உண்டு. இயேசுவின் திருவுருவம் தாங்கிய சிலுவை கத்தோலிக்கருக்கு இயல்பானது. புராட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் வெறும் சிலுவையையே வைக்கின்றன. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சிலுவையின் அடியில் சாய்ந்த குறுக்குக்கட்டை இருக்கும். பார்ப்பவரின் இடப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். வடிவமைப்பாளர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் அந்தச் சாய்வு தலைகீழாகிவிடும், விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். புதுமைக்காகக் குறுக்குக்கட்டையைத் தண்டின் பாதிக்குக் கீழே இறக்குவதும் ஆபத்து. தலைகீழ்ச் சிலுவை பேதுருவின் மரணத்தோடு தொடர்புடைய பழைய சின்னம்தான். ஆனாலும் இன்று பலர் அதைக் கிறிஸ்தவத்துக்கு எதிரான குறியாகவே பார்க்கிறார்கள்.

சட்டமும் இதில் வருகிறது. வெள்ளைப் பின்னணியில் சமக்கைகள் கொண்ட சிவப்புச் சிலுவையைச் சபை லோகோவாக வைக்கக் கூடாது. அது செஞ்சிலுவைச் சின்னம். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 53ஆம் பிரிவில், அதையும் அதைப் போலத் தோற்றம் தரும் குறிகளையும் உரிமை இல்லாதவர்கள் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. நிறத்தை மாற்றிச் சிவப்பின்மேல் வெள்ளைச் சிலுவை வைத்தாலும் தப்ப முடியாது. சுவிட்சர்லாந்தின் சின்னத்தையும் அதே பிரிவு காக்கிறது. செஞ்சிலுவை, போர்க்களத்தில் காயமடைந்தவர்களைக் காக்கும் குறி. அதன் பொருள் மங்கச் சபைகள் காரணமாகிவிடக் கூடாது.

பிற சபைகளின் சின்னங்களிலும் இதே கவனம் வேண்டும். சிலுவையின் பக்கத்தில் இரட்டைச் சுடர் எழும் உருவம் பலருக்குப் பொதுவான கிறிஸ்தவ ஓவியமாகத் தோன்றுகிறது. அது யுனைடெட் மெத்தடிஸ்ட் திருச்சபையின் பதிவுபெற்ற சின்னம். 1968இல் இரண்டு திருச்சபைகள் இணைந்து அந்தச் சபை உருவானதையும் அந்த இரண்டு சுடர்கள் குறிக்கின்றன. வேறொரு சபையின் வரலாற்றை நம் பெயருக்குமேல் வைத்துக்கொள்வது முறையல்ல. ஆயத்தப் படங்களை விற்கும் தளங்களில் வாங்கும் புறாவும் அப்படித்தான்: அதே புறாவை எத்தனை சபைகளும் வாங்கலாம்.

அடுத்தது அளவு. கணினித் திரையை நிறைத்துக்கொண்டு அழகாகத் தெரியும் லோகோ, இணைய உலாவியின் தாவலில் 16க்கு 16 திரைப் புள்ளிகளுக்குள் (பிக்சல்) நிற்க வேண்டியிருக்கும். அங்கே புறாவின் இறகுகளைப் பிரித்துக் காட்டப் புள்ளிகள் கிடையாது. ஒரு சிலுவையைக்கூட அங்கே யோசித்துத்தான் வரைய வேண்டும்: 16 இரட்டை எண் என்பதால், ஒரு புள்ளி அகலத் தண்டு சரியாக நடுவில் உட்காராது. ஒரு பக்கம் தள்ளி நிற்கும், அல்லது இரண்டு சாம்பல் கோடுகளாக மங்கும். தண்டை இரண்டு புள்ளி அகலமாக்கினால் சரியாகிவிடும். ஆலயக் கட்டடத்தை ஜன்னல், படி, கோபுரம் என்று அப்படியே வரைந்த லோகோக்கள் இந்தச் சோதனையில் தேறுவதே இல்லை. கட்டடத்தை இடித்துக் கட்டினால் லோகோவும் பழையதாகிவிடும்.

தமிழ் எழுத்துகளைப் பற்றி யாரும் போதிய அளவு கவலைப்படுவதில்லை. உருவத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை எழுத்துக்குக் காட்டினாலே எத்தனையோ சபை லோகோக்கள் தேறிவிடும். ‘கிறிஸ்து’ என்ற சொல்லைச் சிறிதாக்கிப் பாருங்கள்: முதலில் மறைவது ஸ் மேல் உள்ள புள்ளி. மெல்லிய எழுத்துருவாக இருந்தால் ரப்பர் ஸ்டாம்பில் அது பதியவே பதியாது. பெயரை வட்டமாக வளைக்கும்போது இன்னொரு சிக்கல். தமிழ் எழுத்தமைப்பைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் ‘தேவாலயம்’ என்ற சொல்லின் முதலெழுத்து உடைந்து, இரட்டைக் கொம்பு ஒரு பக்கமும் த மறு பக்கமுமாக நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறென்றே தெரியாது. அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கறுப்பு வெள்ளையில் வரைந்து, அது நின்றபிறகு நிறம் கொடுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் ஊதாவும் அச்சு மையில் மங்கும். திருவழிபாட்டு ஆண்டைக் கடைப்பிடிக்கும் சபை என்றால் ஊதாவை முதன்மை நிறமாக வைக்குமுன் யோசிக்கலாம். தபசு காலத்தின் நிறம் ஈஸ்டர் அழைப்பிதழிலும் வந்து உட்காரும்.

வேலை முடிந்ததும் ஒரு படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு விடைபெறுவது கடைசித் தவறு. எத்தனை பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பு, ஒற்றை நிற வடிவம், அடர்ந்த பின்னணிக்கான வெள்ளை வடிவம், எழுத்துருவின் பெயரும் உரிமமும், நிற எண்கள் ஆகிய அனைத்தையும் சபையின் பெயரில் கேட்டு வாங்குங்கள். வடிவத்தின் உரிமை சபைக்கே என்பதை எழுத்தில் பெறுங்கள். கோப்புகளை ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் விட்டுவைக்காமல், சபை அலுவலகப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். போதகரும் கமிட்டியும் மாறினாலும் அடுத்த பேனர் அடிப்பவருக்குச் சரியான கோப்பு கிடைக்கும்.